மரியாதை தெரிந்த மென்பொருள்

உலகத்தில் பிழையைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் எத்தனையோ உண்டு. பிழை செய்தவருக்கு வயது என்ன என்று விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகு கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் பிஷ்கேக் நகரத்தில், ஒரு ரொட்டிக் கடையின் மாடியில், எங்கள் அலுவலகத்தில் பிறந்தது. இதற்காக மனித குலம் எங்களுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. அவசரமில்லை, காத்திருக்கிறோம்.

மென்பொருளுக்குப் "போசுய்" என்று பெயர் வைத்தோம். போசுய் என்றால் எங்கள் கம்பளிக் கூடாரம். அடுப்பு, படுக்கை, சேணம், விருந்தாளி எல்லாம் அதில் ஒரே கூரைக்குக் கீழ் அடங்கிவிடும். மென்பொருளும் அப்படியே. ஸ்கிரிப்ட் மொழிகளில் நிரல் எழுதுகிறவர்கள் எழுத ஓர் இடம், ஓட்டிப் பார்க்க ஓர் இடம், பிழை தேட ஓர் இடம் என்று அலைய வேண்டாம். எல்லாம் ஒரே சன்னலுக்குள். இந்த வகை மென்பொருளுக்கு "ஒருங்கிணைந்த உருவாக்கச் சூழல்" என்று பெயர். அதை மூச்சு வாங்காமல் சொல்லக்கூடியவன் அலுவலகத்தில் நான் ஒருவன்தான். அதனாலோ என்னவோ, நிரல் எழுதுவதில் அரிச்சுவடிகூடத் தெரியாத என்னைப் "பண்பாட்டு ஆலோசகர்" ஆக்கியிருந்தார்கள்.

வசதிகளைச் சொல்லாமல் மேலே போனால் பாவம் வந்து சேரும். நீங்கள் இரண்டு எழுத்துத் தட்டினால் மீதியைப் போசுய்யே நிரப்பிவிடும்; மாமியார் முன்னால் வாயைத் திறந்த மருமகளின் அனுபவம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். நீளமான பகுதிகளை ஒரே சொடுக்கில் மடித்து மறைக்கலாம். எங்கள் மூத்த பொறியாளர்கள் வேலை நேரம் முழுக்க மடித்து மறைத்தார்கள். விரித்துக் காட்டியவர் ஒருவரும் இல்லை. ஓடுகிற நிரலை நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு வரியாக நகர்த்தி, கோளாறு எங்கே என்று பார்க்கலாம். இந்தக் கடைசி வசதியைத் தனி ஆளாகச் செய்து முடித்தவள் ஜிபெக். இருபத்தாறு வயது, சோதனைக் காலப் பணி, வாய் கொஞ்சம் நீளம்.

இயக்குநர் ஜபர்குல் மாமிரோவிச் தம் பள்ளித் தோழர்களைக் கொண்டே நிறுவனத்தைக் கட்டினார். மாதம் ஒருவர் வீட்டில் கூடி ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்த வகுப்பு அது. ஓய்வு பெற்றதும் அந்த வகுப்பு அப்படியே மாடியேறி எங்கள் அலுவலகம் ஆனது. நான் அவர்களில் ஒருவருடைய தம்பி. நாற்பத்தொன்பது வயதில் "நம்ம பொடியன்" என்று அழைக்கப்படும் சுகம் எனக்குக் கிடைத்தது.

இனி வரலாற்றுச் சம்பவத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் இயக்குநரின் குதா ஒஸ்கோன்பாய் அலுவலகத்துக்குத் தேநீர் குடிக்க வந்தார். குதா என்றால் சம்பந்தி. இயக்குநரின் மகளைத் தம் மகனுக்குக் கட்டி வைத்தவர். மலையிலிருந்து பால் இறக்கும் வண்டிகள் நிறைய வைத்திருக்கிறார். எந்த வண்டி எந்த மேய்ச்சல் நிலத்துக்குப் போவது என்று தினமும் ஒரு சண்டை நடக்குமாம். போசுய்யை வாங்கி அதைத் தீர்த்துக்கொள்ளலாமா என்று பார்க்க வந்திருந்தார். எங்கள் முதல் வாடிக்கையாளர் அவராகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் வேறு யாரும் வந்ததில்லை.

சம்பந்திக்கு முன்னால் இயக்குநரே விசைப்பலகையைப் பிடித்தார். உரிமையாளர் பெயர் வரவேண்டிய இடத்தில் "ஜபர்குல்" என்று தம் பெயரைத் தட்டினார். பெயருக்கு இருபுறமும் மேற்கோள் குறி போட்டால்தான் அது பெயர் என்று நிரலுக்குப் புரியும். அவர் போடவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்வது மரியாதையில்லை. அவருடைய பெயருக்கு அது தேவைப்படும் என்று அவர் கருதவில்லை. போசுய் அந்தப் பெயரின் கீழ் சிவப்பில் ஒரு நெளிகோடு இழுத்து, பக்கத்தில் எழுதியது: "ஜபர்குல்: அப்படி ஒன்று இல்லை."

"அட, குதா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார் ஒஸ்கோன்பாய். "உங்க பெட்டியே உங்களை இல்லைன்னு சொல்லுதே! அப்ப நான் யாரு வீட்டுல பொண்ணு எடுத்தேன்?"

இயக்குநரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், பயமாக இருந்தது. சம்பந்தி படியிறங்கியதும் அவசரக் கூட்டம் கூடியது.

"சொந்தச் சம்பந்தி முன்னாடி சிவப்புக் கோடு!" என்று மேசையில் குத்தினார் இயக்குநர். "நாப்பது வருஷம் கம்ப்யூட்டரோட குடும்பம் நடத்தினவன் நான். ஒரு பெட்டி என் மானத்தை வாங்கலாமா?"

"மேற்கோள் குறி போட்டா போதும் பைகே, கோடு போயிடும்" என்றாள் ஜிபெக். எங்கள் ஊரில் வயதில் மூத்த ஆண் எவரும் பைகேதான்.

"பாத்தீங்களா? இவளும் சொல்றா!" என்றார் இயக்குநர்.

அந்த நேரத்தில்தான் பண்பாடு என்னை அழைத்தது. எழுந்து நின்று, ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். "பெரியவர் செய்த பிழை, அலுவலகத்தில் ஆக இளையவர் கணக்கில் சேரும்." பெரியவர் வரியின் கீழ் சிவப்புக்குப் பதில் தங்க நிறக் கோடு, பக்கத்தில் "சிந்தனைக்கு உரியது" என்ற சொற்கள். கூட்டம் கைதட்டியது. இதற்கு "மரியாதை முறை" என்று பெயர் சூட்டினோம்.

ஜிபெக் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். "ஒரு சந்தேகம் துர்து பைகே. ஆக இளையவர்னா யாரு?"

"அது ஒரு பொதுச் சொல்" என்றேன்.

"பொதுச் சொல்லா? இந்த ரூம்ல நான் ஒருத்திதானே முப்பது தாண்டாதவ?"

"உன்னை நெனச்சு எழுதல. கொள்கையா எழுதியிருக்கேன்."

"சரி, கொள்கையை யாரு நிரலா எழுதப் போறது?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். போசுய்யின் உள்ளே கைவைக்க வேறு யாருக்கும் தெரியாது.

"நல்லா இருக்கு! எனக்கு எதிரா என்னையே எழுதச் சொல்றீங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். ஆனால் எழுதினாள். சோதனைக் காலத்தில் இருப்பவள் வேறு என்ன செய்வாள்? வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கணவன் இன்னும் படித்துக்கொண்டிருந்தான்.

நடைமுறையில் ஒரு சிறு சிக்கல் வந்தது. மூத்தவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பு, ஒரே ஆண்டுப் பிறப்பு. அவர்களுக்குள் யார் பெரியவர்? அடையாள அட்டைகள் மேசைக்கு வந்தன. ஜிர்கால்பெக் பைகே தம் அட்டையைத் தாமே நிராகரித்தார்.

"இதுல அக்டோபர்னு இருக்கும். நம்பாதீங்க. நான் கோடையில மேய்ச்சல் நெலத்துல பொறந்தவன். குளிர் வந்து மந்தையோட கீழ எறங்கின பிறகுதான் எங்கப்பா போய்ப் பதிஞ்சாரு."

"அப்படிப் பாத்தா நானும் மலையிலதான் பொறந்தேன்!" என்றார் இன்னொருவர்.

விசாரித்தால் வகுப்பில் பாதிப்பேர் மலையில் பிறந்து சமவெளியில் பதிவானவர்கள். எனவே போசுய்யில் "மேய்ச்சல் நிலத் திருத்தம்" என்றொரு வசதி சேர்ந்தது. உலகின் வேறெந்த நிரலாக்கக் கருவியிலும் இது இல்லை என்று மார்தட்டிச் சொல்வேன்.

அதற்குப் பிறகு அலுவலகம் சொர்க்கமானது. மூத்தவர்கள் திரையெங்கும் தங்கக் கோடுகள் மின்ன, ஒருவர் மற்றவருடைய தோளைத் தட்டிக்கொண்டார்கள். "உன்னோடது பளபளன்னு இருக்குடா!" என்று பாராட்டிக்கொண்டார்கள். யார் கணக்கில் எத்தனை பிழை என்று காட்டச் சுவரில் மாட்டிய "தரப் பலகை"யில் மட்டும் ஒரே பெயர் நாளுக்கு நாள் வளர்ந்தது. ஜிபெக். விடுப்பில் வீட்டில் இருந்த நாளில்கூட அவள் கணக்கில் பிழைகள் விழுந்தன. அவளுடைய உழைப்பை நான் வியந்தேன்.

"பைகே, நேத்து நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன்" என்று என்னிடம் வந்து நின்றாள். "நேத்து மட்டும் எனக்கு இத்தனை பிழையா?"

"உடம்பு சரியில்லாதப்ப கவனம் சிதறும்தான்" என்று ஆறுதல் சொன்னேன்.

"நான் வேலையே செய்யல!"

"அதையும் பலகையில சேக்கணுமா?"

இதற்கிடையில் இயக்குநருக்குப் பேரன் பிறந்தான். பெக்னசர் என்று பெயர். தொட்டில் விருந்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் வழக்கப்படி தொட்டிலைத் தாய்வழித் தாத்தா கொண்டுபோக வேண்டும். ஜபர்குல் மாமிரோவிச் தொட்டிலோடு ஒரு புரொஜெக்டரையும் கொண்டுபோவதாக அறிவித்தார். விருந்திலேயே போசுய்யின் வெளியீட்டு விழா, அங்கேயே சம்பந்தியோடு ஒப்பந்தம். நிறுவனத்தின் கண்டிப்பையும் சம்பந்திக்குக் காட்ட வேண்டுமல்லவா? எனவே அன்றைக்குப் பலகையில் முதலிடத்தில் இருப்பவர் "நன்றியுடன் விடுவிக்கப்படுவார்" என்றும் ஓர் ஆணை போட்டார். அந்தச் செய்தியைப் போசுய்யே திரையில் காட்டும். வாசகம் என்னுடையது, கண்ணீர் வரும்படி எழுதியிருந்தேன்.

"அப்ப விருந்துல வெச்சு என்னை வெளிய அனுப்பப் போறீங்க" என்றாள் ஜிபெக். இப்போது அவள் சிரிக்கவில்லை. "எட்டு மாசம் ராப்பகலா செஞ்சது. எல்லாரும் கறி தின்னுக்கிட்டே என் பேரைப் படிப்பாங்க. இல்லையா?"

"சாப்பாடு உனக்கும் உண்டு" என்றேன்.

விருந்து மண்டபத்தில் இருநூறு பேர். மேசை கொள்ளாமல் போர்சோக், எங்கள் பொரித்த மாவுத் துண்டுகள், குவிந்திருந்தது. புளித்த குதிரைப் பாலான குமிஸ் நிறைந்த கிண்ணங்கள் கை மாறிக்கொண்டே இருந்தன. வாயிலுக்கு எதிரே உயர்ந்த இடத்தில் இரண்டு சம்பந்திகளும் அமர்ந்தார்கள். நடுவே தொட்டிலில் பெக்னசர், பேரமைதியில் தூங்கிக்கொண்டிருந்தான். பெரியவர் ஒருவர் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்ல, எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டோம்.

"முதல் விசையை என் பேரன் அழுத்துவான்!" என்று எழுந்தார் இயக்குநர்.

கூட்டம் ஆரவாரித்தது. எனக்குக் கண் நிறைந்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. போசுய்யின் விசையைத் தொடுகிற எவரும் பெயரையும் பிறந்த தேதியையும் பதிந்தாக வேண்டும். நான் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன்.

ஜிபெக் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் பைகே. குழந்தை பேரைப் பதியாதீங்க. சும்மா அழுத்தட்டும்."

"பாரம்பரியத்துல குறுக்க வராதம்மா!"

"பாரம்பரியம் இல்ல பைகே, உங்க விதி. அவன் பாவம். சொன்னா கேளுங்க."

"தொட்டில்ல இருக்கிற குழந்தை மேல உனக்கு என்ன பொறாமை?" என்று கேட்டுவிட்டு, "பெக்னசர்" என்று பதிந்தேன். பிறந்த தேதியைப் பாட்டியிடம் கேட்டு, பிழையில்லாமல் பதிந்தேன். அவள் என் கையை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

குழந்தையின் விரலைப் பிடித்து விசையில் வைத்தார் தாத்தா. பால் வண்டிகளுக்காக அவரும் தோழர்களும் எழுதிய நிரல் திரையில் ஓடத் தொடங்கியது. மலைகளும் சாலைகளும் தெரிந்தன. வண்டிகள் புறப்பட்டன. நகரத்திலிருந்து நிறையப் பாலை ஏற்றிக்கொண்டு, மலைமேல் இருக்கும் மாடுகளை நோக்கிப் புறப்பட்டன.

"குதா, மாட்டுக்கா பால் கொண்டு போறோம்?" என்று கேட்டார் ஒஸ்கோன்பாய்.

பதில் வருவதற்குள் நிரல் நின்றது. போசுய் தன் கடமையைச் செய்தது. பழைய கணக்கு, புதிய கணக்கு எல்லாவற்றையும் கூட்டி, அலுவலகத்தின் ஆக இளையவரைத் தேடிப் பிடித்து, சுவர் அளவு எழுத்தில் காட்டியது:

"அனைத்துப் பிழைகளுக்கும் பொறுப்பு: பெக்னசர். திறமைக் குறைவும் தொடர்ந்த கவனக்குறைவும் காரணமாக இவர் நன்றியுடன் விடுவிக்கப்படுகிறார். இவருடைய எதிர்காலம் இனிதாக வாழ்த்துகிறோம்."

சம்பந்தி அம்மாள் "தூ! தூ! தூ!" என்று கண்ணேறு கழித்துக்கொண்டே தொட்டிலை நோக்கிப் பாய்ந்தார். சத்தத்தில் விழித்த பெக்னசர் வீறிட்டு அழுதான்.

ஒஸ்கோன்பாய் எழுந்து நின்றார். "பால் குடிக்கிற பயலைப் போயி பால் வண்டிக்குக் குத்தம் சொல்லுதா இது? எங்க வம்சத்துப் பிள்ளையை, தொட்டில் ஏத்துற நாள்ல, எல்லாரும் பாக்க வேலைய விட்டுத் தூக்குறீங்களா?"

"ஐயோ குதா, இது... இது மரியாதை முறை!" என்றார் இயக்குநர்.

"மரியாதையா? இதுவா?"

இயக்குநர் வியர்த்து ஒழுகினார். ஜிபெக்கைச் சைகை காட்டி அழைத்தார். "மகளே, குழந்தைக்கு ஆகாதும்மா. அந்தப் பழியை நீயே வாங்கிக்கோ. உனக்குப் பழக்கம்தானே?"

அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. குரல் மட்டும் உடையவில்லை. "வாங்கிக்கிறேன் பைகே, பச்சைக் குழந்தைக்காக. ஆனா பெட்டி குடுக்காது. என்னைவிடச் சின்னவன் இருக்கான்ல. மரியாதை முறையை நிறுத்தினாத்தான் அவன் பேரு போகும். அதையும் இங்க இருக்கிற பெரியவர்தான் நிறுத்த முடியும். நீங்கதான்."

பேரன் அழுதுகொண்டே இருந்தான். ஜபர்குல் மாமிரோவிச் அந்தப் பிள்ளைமேல் உயிரையே வைத்திருந்தார். அதை நான் கேலி செய்ய மாட்டேன். மரியாதை முறையை நிறுத்தும் விசையை அழுத்தினார்.

தங்கக் கோடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிவந்தன. சுவர் முழுக்க நெளிகோடுகள். ஜிபெக் அவளே செய்த வசதியால் நிரலை நிறுத்தி, ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எழுதியவர் பெயர் வந்தது. ஜபர்குல். ஜிர்கால்பெக். ஜபர்குல். ஜபர்குல். இடையில் ஒரு வரியில் ஜிபெக் என்று வந்தது. "அது என்னுதுதான். தப்புதான்" என்று அவள் சத்தமாகச் சொல்லி, அங்கேயே திருத்தினாள். பெக்னசர் பெயர் எங்குமே வரவில்லை.

ஒஸ்கோன்பாய் திரையையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்பாடா! நம்ம பேரன் மேல ஒரு தப்பும் இல்ல! குதா, எல்லாம் நீங்க பண்ணினதுதானா? முன்னமே சொல்லக் கூடாதா? பயந்துட்டேன்யா!"

சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. ஒஸ்கோன்பாய் குழந்தையைக் கையில் வாங்கிக் கொஞ்சினார். மதிப்புக்குரிய விருந்தாளிக்கு வைக்கும் ஆட்டுத் தலை வழக்கம்போல இயக்குநருக்குத்தான் வந்தது. அவர் அதை உண்மையான பசியோடு உண்டார். ஒஸ்கோன்பாய் மட்டும் குமிஸ் கிண்ணத்தோடு ஜிபெக் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"பொண்ணு, என் வண்டிக்காரனெல்லாம் என் சொந்தக்காரன்தான். தப்பு யாருதுன்னு கேட்டா எல்லாவனும் கிளீனரைக் காட்டுறான். எனக்கு இந்தச் சிவப்புக் கோடு வேணும். நீ எங்கிட்ட வேலைக்கு வர்றியா?"

"உங்க வரியிலயும் போடுவேன் பைகே. பரவாயில்லையா?"

"என் வரியில மொதல்ல போடு. எம் பொண்டாட்டி ரொம்ப நாளா அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கா."

திங்கட்கிழமை காலை ஜிபெக் வேலையை விட்டாள். அதே காலையில் மூத்தோர் கூட்டம் நடந்தது. தவறிலிருந்து பாடம் கற்கிற நிறுவனங்கள் நாட்டில் குறைவு, நாங்கள் கற்றோம். கைக்குழந்தைமேல் பழி விழுவது பண்பாட்டுக்கு விரோதம் என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு முழு விலக்கு அளித்தோம். விலக்கு அளித்தபின் மரியாதை முறையை மறுபடி இயக்கினோம். போவதற்கு முன் தன் தேநீர்க் கோப்பையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டே ஜிபெக் என்னிடம் கேட்டாள்.

"துர்து பைகே, இனிமே இங்க யாரு சின்னவங்க?"

"இளமைங்கிறது மனசுல இருக்கணும்மா" என்றேன். தீர்மானத்தின் வாசகத்தை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் தரப் பலகையில் முதலிடத்தில் என் பெயர் இருந்தது. இரண்டாமிடத்தில் யாரும் இல்லை. கீழே, நானே உருகி உருகி எழுதிய வாசகம்: "இவர் நன்றியுடன் விடுவிக்கப்படுகிறார்." நான் மூச்சிரைக்க இயக்குநர் அறைக்கு ஓடினேன். அவர் திரையில் தங்கக் கோடுகள் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தன.

"ஜபர்குல் பைகே, இது அநியாயம்! எனக்கு நிரல் எழுதவே தெரியாது. இந்த ஆபீசுக்கு வந்ததுல இருந்து நான் ஒரு வரிகூட எழுதினதில்ல!"

அவர் எழுந்து வந்து என் தோளில் அன்போடு கை வைத்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க தம்பி. ஒரு வரி எழுதியிருக்கீங்க. நாங்க எழுதினது எல்லாத்தையும் விட அது ஒண்ணுதான் ஒழுங்கா ஓடுது."